பொது அடுப்பும் சொந்த மேசையும்

பல்கலைக்கழகத்தின் அறிவியல் கட்டடம் தொடக்கத்தில் மாணவர்களுக்காக எழுப்பப்பட்டதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வேதியியல் பயின்ற மாணவர்களில் பெரும்பாலோர், படிப்படியாகச் சரிந்திறங்கும் இருக்கை வரிசைகளில் அமர்ந்து, கீழே பேராசிரியர் தம் மேசையில் செய்துகாட்டியதைப் பார்த்தே கற்றனர். உலையும் குடுவைகளும் தராசும் பேராசிரியரின் சொந்த உடைமைகளாகவே இருந்தன. அந்த அறைக்குள் நுழைவது உரிமையாக அன்றித் தயவாகவே கிடைத்தது. இன்று புதிதாகக் கட்டப்படும் அறிவியல் கட்டடங்களின் திட்ட அறிக்கைகளில் மாணவர் கூட்டுழைப்பு என்பது முதன்மை நோக்கமாகக் குறிப்பிடப்படுகிறது. கண்ணாடிச் சுவர்களும் அகன்ற படிக்கட்டுகளும் காப்பி அருந்தும் மூலைகளும் அந்நோக்கத்தின் பெயரால் அமைக்கப்படுகின்றன. ஆனால் மாணவர் எப்போது உள்ளே வந்தார், வந்தபின் அவருக்கு எங்கே இடம் தரப்பட்டது, எந்தப் பொருளுக்காக அவர் பக்கத்து மேசைக்காரரிடம் போக நேர்ந்தது என்ற பழைய கேள்விகளைக் கேட்காமல் இக்கட்டடங்களின் வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

இவ்விடத்தில் சொல் ஒன்றைக் கவனிப்பது பயனுள்ளது. ஐரோப்பிய மொழிகளில் இக்கூடத்துக்கு வழங்கும் பெயர் உழைப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. கையால் பாடுபடும் இடம் என்பதே அதன் வேர்ப்பொருள். தமிழில் நிலைபெற்ற ‘ஆய்வகம்’ என்ற சொல் சிந்தனையை முன்னிறுத்துகிறது. பள்ளிகளில் வழங்கும் ‘செய்முறை வகுப்பு’ என்ற தொடரே அந்தப் பழைய பொருளுக்கு நெருங்கி நிற்கிறது. மாணவர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கியதும் கைக்கு வேலை வந்த பிறகுதான்.

அந்த மாற்றத்தின் முதன்மையான இடம் ஜெர்மனியின் கீசன் என்னும் சிறு நகரம். பாரிஸில், அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட்டின் பரிந்துரையால் வேதியியலாளர் கே-லுசாக்கின் தனி ஆய்வகத்தில் பணிபுரியும் அரிய வாய்ப்பைப் பெற்றிருந்த யுஸ்டஸ் லீபிக், 1824இல், தமது 21ஆம் வயதில், கீசன் பல்கலைக்கழகத்தில் பணியமர்த்தப்பட்டார். அவருக்குக் கிடைத்த இடம் கைவிடப்பட்ட படைமுகாம் ஒன்றின் காவல்மனை. அதன் முன்புறம் தூண்கள் நின்ற திறந்த தாழ்வாரம் ஒன்று இருந்தது. நச்சுப்புகை எழும் வேலைகளை அங்கே செய்தனர். உள்ளே நடுவில் கரி அடுப்பும், சுற்றிலும் மேசைகளும், தனியறையில் தராசும் இருந்தன. மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி தந்தவர்கள் லீபிக்குக்கு முன்பும் சிலர் இருந்தனர். ஆனால் பயிற்சியில் தொடங்கி, சொந்தக் கண்டுபிடிப்பு வரை ஒரே அறைக்குள் மாணவர்களைக் கூட்டமாக அழைத்துச் சென்ற முறை இங்கேதான் உருப்பெற்றது.

அதற்குத் துணைநின்றது மிகச் சிறிய கண்ணாடிக் கருவி ஒன்று. ஒரு கரிமப் பொருளை எரித்து, அதிலிருந்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடின் எடையைக் கண்டால், அப்பொருளில் எவ்வளவு கார்பன் இருந்தது என்று கணக்கிடலாம். அந்த வாயுவைப் பிடிப்பது பெரும் திறமை வேண்டிய வேலையாக இருந்தது. 1831இல் லீபிக், ஐந்து குமிழ்களை முக்கோணமாக இணைத்து ஊதிய கண்ணாடிக் குழாய் ஒன்றை அமைத்து, அதற்குள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றினார். வாயு குமிழ்களின் வழியே செல்லும்போது கரைசல் அதை உறிஞ்சிக்கொள்ளும், முன்னும் பின்னும் குழாயை நிறுத்தால் விடை கிடைக்கும். தேர்ந்த கைகளுக்கு மட்டுமே வசப்பட்டிருந்த பகுப்பாய்வு, பயிற்சி பெற்ற எந்த மாணவருக்கும் இயல்வதாயிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை, ஒரு பொருள், ஒரு கேள்வி என்று வேலையைப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. அடுப்பும் தராசும் மட்டும் பொதுவாக நின்றன. இரண்டும் முக்கியம் என்றே கொள்ள வேண்டும். சொந்த மேசை இல்லாத மாணவர் பார்வையாளராகிவிடுவார். பொது அடுப்பு இல்லாத மாணவர் தனித்துப் போய்விடுவார்.

லீபிக் நடத்திய ஒழுங்கும் இதற்கு ஏற்றதாக இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் மாணவர்கள் முந்தைய நாள் செய்ததையும், அன்று செய்யப்போவதையும் அவரிடம் எடுத்துரைத்தனர். அவர் ஏற்பதையும் மறுப்பதையும் மற்றவர்களும் கேட்டனர். ஒருவருடைய பிழையிலிருந்து பலர் கற்றனர். மாலையில் கூடத்தைத் துடைக்க வரும் ஆவுபல் என்ற பணியாளர், வேலை செய்பவர்களை வெளியே அனுப்ப முடியவில்லை என்று முறையிட்டுக்கொண்டே இருந்ததை லீபிக் தம் பிற்கால நினைவுகளில் மகிழ்ச்சியோடு பதிந்திருக்கிறார். 1842இல் டிரவுட்ஷோல்ட் என்ற ஓவியர் வரைந்த அக்கூடத்தின் படம் புகழ்பெற்றது. சிலர் தலையில் உயர்ந்த தொப்பியோடு, கையில் குடுவையும் உரலுமாக, ஒருவர் தோளருகே ஒருவர் நிற்கின்றனர். சுவர்களில் வினைப்பொருள் புட்டிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு பேராசிரியரின் முகத்தை நடுவில் வைக்காமல், வேலை செய்யும் மாணவர்களையே நிறைத்து வரைந்த அப்படம் ஐரோப்பாவெங்கும் பரவி, அறிவியல் கற்பது எப்படியிருக்கும் என்ற கற்பனையையே மாற்றியது.

கட்டடக் கலையும் வேதியியலும் கீசனில் குடும்ப உறவு போலவே பிணைந்தன. 1839இல் இக்கூடத்தை விரிவாக்கிய கட்டடக் கலைஞர் ஹோஃப்மனின் மகன் ஆகஸ்ட் வில்ஹெல்ம், சட்டமும் மொழிகளும் கற்க வந்து, லீபிக்கின் மாணவரானார். கட்டடக்கலை பயில 1847இல் கீசனுக்கு வந்த ஆகஸ்ட் கெக்குலே, லீபிக்கின் சொற்பொழிவுகளைக் கேட்டுத் துறை மாறினார். மூலக்கூறின் அமைப்பைக் கட்டடத்தின் அமைப்பைப் போல எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவரிடம் எங்கிருந்து வந்தது என்பதை ஊகிப்பது கடினமன்று. 1852இல் லீபிக் மியூனிக்குக்குச் செல்லும்வரை, ஏறத்தாழ 28 ஆண்டுகளில், 700 பேருக்கு மேல் அவரிடம் வேதியியலும் மருந்தியலும் பயின்றனர். அவர்கள் போன ஊர்களிலெல்லாம் கீசனின் பிரதியைக் கட்ட முயன்றனர்.

பிரதிகள் மூலத்தைவிடப் பெரியவையாக இருந்தன. மகன் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் 1845இல் லண்டன் சென்று வேதியியல் கல்லூரியை நடத்திய பின், 1860களில் பான், பெர்லின் ஆகிய நகரங்களில் அரண்மனை ஒத்த வேதியியல் நிலையங்களைத் திட்டமிட்டார். எரிவாயுவும் தண்ணீரும் குழாய்களில் ஒவ்வொரு மேசைக்கும் வந்தன. அடுப்பைச் சுற்றி நிற்கும் தேவை நீங்கியது, மேசைகள் நேர்வரிசையில் நின்றன, மேற்பார்வை எளிதாயிற்று, ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் பலர் செய்ய முடிந்தது. இந்த வரிசையமைப்பே உலகெங்கும் கல்லூரிகளுக்குப் பரவியது. தன் மேசையில் எல்லாம் கிடைக்கும்போது பக்கத்து மேசைக்குப் போக மாணவருக்குக் காரணமில்லை என்பதை அன்று எவரும் குறையாக எண்ணவில்லை. தூய்மையும் ஒழுங்கும் பாதுகாப்பும் அந்த அமைப்பால் பெருகின என்பதும் உண்மை. மூச்சுத் திணறும் புகைக்குள் நின்ற கீசன் மாணவர்களை நினைத்தால் அதைக் குறைத்து மதிப்பிட இயலாது.

இயற்பியலுக்குக் கட்டடம் பின்னரே வந்தது. கிளாஸ்கோவில் வில்லியம் தாம்சன், பழைய மது நிலவறை ஒன்றையே மாணவர்களின் சோதனைக்கூடமாக மாற்றிக்கொண்டார். கேம்பிரிட்ஜில் டெவன்ஷர் கோமகனின் கொடையால் 1874இல் திறக்கப்பட்ட கேவென்டிஷ் ஆய்வகத்தை, அதன் முதல் பேராசிரியரான ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், கிளாஸ்கோவையும் ஆக்ஸ்ஃபோர்டையும் நேரில் பார்த்துவந்த பிறகே திட்டமிட்டார். அதிர்வு படாத கல்மேசைகளும், உறிஞ்சுகுழாய்க்கு நீரழுத்தம் தரக் கோபுரத்தின் உச்சியில் தண்ணீர்த் தொட்டியும் அமைந்தன. 1882 முதல், அடுத்த பேராசிரியரான ராலே பிரபுவின் காலத்தில், பெண்களும் ஆண்களுக்கு இணையாக அங்கே வகுப்புகளில் அனுமதிக்கப்பட்டனர். 1895 முதல் வேறு பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்கள் ஆய்வு மாணவர்களாக வரலாயினர். இப்படி வேறு வேறு நாட்டவர் கூடியபோது, ஜே. ஜே. தாம்சனின் தலைமையில் மாலைத் தேநீர் வழக்கமாயிற்று. கருவிகளை அப்படியே விட்டுவிட்டு வந்து, ஒரே அறையில் நின்று தேநீர் அருந்திய அந்தச் சிறுபொழுது எந்த வரைபடத்திலும் இடம்பெறவில்லை. ஆயினும் கரி அடுப்பு விட்டுச்சென்ற வெற்றிடத்தைத் தேநீர்ப் பானையே நிரப்பியது எனலாம்.

உணவு வேளை கட்டடத்தையே மிஞ்சிய சான்று சென்னையிலும் உண்டு. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், சி. வி. ராமனுடன் ஆய்வு செய்யக் கல்கத்தாவுக்குச் செல்லுமுன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை ஆசிரியராக இருந்தார். மதிய இடைவேளையில் இயற்பியல், கணிதம், வேதியியல் எதைப் பற்றியும் கேட்கலாம் என்று அவர் நடத்திய உரையாடல்களுக்குப் பக்கத்துக் கல்லூரிகளின் மாணவர்களும் வந்து கூடினர். அதற்கென்று தனியறை எழுப்பப்பட்டதில்லை.

20ஆம் நூற்றாண்டில் மாணவர் கூட்டுழைப்புக்குப் பேர்பெற்ற கட்டடம் அழகுக்காகவோ சிந்தித்த திட்டத்துக்காகவோ பெயர் பெற்றதன்று. இரண்டாம் உலகப் போரின்போது, ராடார் ஆய்வுக்காக, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1943இல் அவசரமாக எழுப்பப்பட்ட 20ஆம் எண் கட்டடம் அது. டான் விஸ்டன் என்ற கட்டடக் கலைஞர் அதன் வரைபடத்தை ஒரே பிற்பகலில் முடித்தார் என்பர். மூன்று தளங்கள், மரச்சட்டங்கள், ஒட்டுப்பலகைத் தடுப்புகள். போர் முடிந்து ஆறு மாதங்களில் இடித்துவிடலாம் என்ற கணக்கில் தீப்பாதுகாப்பு விதியிலிருந்தும் அதற்கு விலக்கு தரப்பட்டிருந்தது. அது 1998 வரை, 55 ஆண்டுகள், நின்றது. கோடையில் வெக்கையும் குளிர்காலத்தில் காற்றும் உள்ளே புகுந்தன. அறை எண்களின் வரிசை குழப்பமாக இருந்ததால் புதியவர்கள் வழிதவறி வேறொருவர் அறைக்குள் போய் நின்றனர்.

ஆனால் அக்கட்டடத்தில் எவரும் எதையும் மாற்றலாம். இன்னோர் அறைக்குக் கம்பி இழுக்க வேண்டுமானால் சுவரில் துளையிட்டனர்; அனுமதிக்கு எழுதிக் காத்திருக்கவில்லை. இயற்பியலாளர் ஜெரால்ட் சகாரியாஸ் அணுக்கடிகாரம் அமைக்க முனைந்தபோது, மூன்று தள உயரமுள்ள உலோக உருளையை நிறுத்துவதற்காக இரண்டு தளங்களின் தரையை எடுத்தனர். படிப்பை இடையில் நிறுத்திவிட்டுச் சகாரியாஸின் கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்த ரெய்னர் வைஸ், பின்னாளில் ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததற்காக 2017இல் நோபெல் பரிசு பெற்றார். நோம் சாம்ஸ்கியும் மாரிஸ் ஹாலேயும் மொழியியலைப் புதிதாக வகுத்ததும் இதே தாழ்வாரங்களில்தான். மொழியியலாளரும் மின்னணுவியலாளரும் அடுத்தடுத்த அறைகளில் இருந்ததற்கு எந்தத் தத்துவமும் காரணமில்லை. வேறெங்கும் இடம் கிடைக்காத துறைகளுக்கு இந்த இடம் ஒதுக்கப்பட்டது, அவ்வளவே.

மாணவர்களைப் பொறுத்தவரை அங்கே மிகவும் பொருள்பொதிந்த அறை, 1946இல் தொடங்கிய மாதிரி ரயில் கழகத்தினுடையது. அறையை நிறைத்த பெரிய மேசையின் மேல் மலையும் ஊரும் தண்டவாளமும் சிறிய அளவில் விரிந்திருந்தன. சிலர் அவற்றை வண்ணந்தீட்டி அழகுபடுத்தினர். மேசைக்கு அடியிலோ, தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட மின்விசை மாற்றிகளும் சுழற்றும் எண்தட்டுகளும் நூற்றுக்கணக்கான கம்பிகளால் பின்னப்பட்டிருந்தன. ரயிலின் பாதையையும் வேகத்தையும் அவை கட்டுப்படுத்தின. ஒருவர் நேற்றிரவு பூட்டிய இணைப்பை இன்னொருவர் இன்று பிரித்து, மேலும் செம்மையாகப் பூட்டினார். மதிப்பெண்ணும் இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை. அறையின் சாவி மாணவர்கள் கையில் இருந்தது. அந்த அடிமேசைக் கூட்டத்தினரே 1950களின் இறுதியில் பக்கத்துக் கட்டடத்தின் கணினிகளைத் தேடிப் போயினர். 1962இல் உருவான ‘ஸ்பேஸ்வார்’ என்ற தொடக்கக்காலக் கணினி விளையாட்டும் அவர்களிடமிருந்தே பிறந்தது. இரவு நேரத்தில் திறந்திருக்கும் ஓர் அறையும் அதன் சாவியும் மாணவர்களுக்கு எவ்வளவு தந்தன என்பதற்கு, இதைவிடத் தெளிவான சான்று இவ்வரலாற்றில் இல்லை.

இதே காலத்தில் மிகச் சிறந்த கட்டடக் கலைஞர் ஒருவர் இதே நோக்கத்தை நேர்வழியில் அணுகினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காக லூயி கான் வடிவமைத்து, 1961 அளவில் பயன்பாட்டுக்கு வந்த ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வகத்தில், மனிதர் வேலை செய்யும் இடங்களையும் அவற்றுக்குப் பணிசெய்யும் குழாய்கள், படிகள், காற்றுவழிகள் ஆகியவற்றையும் அவர் வேறாக்கினார். பின்னவை செங்கல் கோபுரங்களாக உயர்ந்து நின்றன. தளந்தோறும் தூணில்லாத சதுர அறை. தடுப்பில்லாத அவ்வறையில் ஆய்வாளர்கள் ஓவியர்களைப் போலத் திறந்த வெளியில் சேர்ந்து உழைப்பார்கள் என்பது அவர் எண்ணம். மூலைகளெங்கும் கண்ணாடி, வெயில் கூசியது. உள்ளே இருந்தவர்கள் சன்னல்களில் அலுமினியத் தாளை ஒட்டினர். தடுப்புச் சுவர்களை எழுப்பிக்கொண்டனர். கட்டடக் கலை வரலாற்றில் அதன் உயர்வு குறையவில்லை. கானும் அதிலிருந்து கற்று, 1965இல் கலிஃபோர்னியாவின் சால்க் நிலையத்தில், குழாய்களையெல்லாம் ஆள் நடமாடும் உயரமுள்ள இடைத்தளங்களில் வைத்து, ஆய்வுக்கூடத்தை மாற்றியமைக்கத்தக்கதாக ஆக்கினார். என்றாலும், திறந்த அறையைக் கொடுத்துவிட்டால் மனிதர் தாமாகச் சேர்வர் என்ற நம்பிக்கைக்கு அந்த ஒட்டப்பட்ட தாள்களே விடையாயின.

ஏன் சேர்வதில்லை என்பதை அளந்து சொன்னவர் மேலாண்மை ஆய்வாளர் தாமஸ் ஆலன். பொறியாளர்கள் யாருடன் எவ்வளவு அடிக்கடி பேசுகின்றனர் என்பதைப் பதிவுசெய்து, இருவருடைய இருக்கைகளுக்கு இடையிலுள்ள தொலைவு கூடக்கூடப் பேச்சு மிக விரைவாகக் குறைகிறது என்றும், ஏறத்தாழ 50 மீட்டருக்கு அப்பால் அது பெயரளவிலேயே எஞ்சுகிறது என்றும் 1977இல் வெளியான தம் நூலில் அவர் காட்டினார். மாடி வேறுபாடு அத்தொலைவை மேலும் கூட்டுகிறது. கேம்பிரிட்ஜில் 1962இல் திறக்கப்பட்ட மூலக்கூறு உயிரியல் ஆய்வகம், இந்த அளவீடு வருமுன்பே, இதற்கு ஒரு மாற்றைக் கண்டிருந்தது. அதன் தலைவர் மேக்ஸ் பெருட்ஸ், கருவிகள் தனி ஆட்களின் சொத்தாகக் கூடாது, எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதை விதியாக்கினார். மேல்தளத்தில் ஒரே உணவகம் அமைந்தது. அவருடைய மனைவி கிசெலா பெருட்ஸ் பல ஆண்டுகள் அதை நடத்தினார். காலைக் காப்பி, மதிய உணவு, மாலைத் தேநீர் என மூன்று வேளையும் நோபெல் பரிசு பெற்றவரும் முதலாண்டு ஆய்வு மாணவரும் கண்ணாடி ஊதுபவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1999இல் அங்கு சேர்ந்து, உயிரணுவுக்குள் புரதம் தயாராகும் பட்டறையான ரைபோசோமின் அமைப்பை வெளிக்கொணர்ந்து, 2009இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சமையற்கூடத்தை நிர்வகித்த பெண்மணியின் பெயர் கட்டடக் கலை நூல்களில் அரிதாகவே காணப்படுவது வருந்தத்தக்கது.

2000க்குப் பின் எழுந்த கட்டடங்கள் இப்பாடங்களைத் திட்டமாகவே எழுதிக்கொண்டன. ஸ்டான்ஃபோர்டில் 2003இல் திறக்கப்பட்ட கிளார்க் மையத்தில், நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் நடைவழிகளைக் கட்டடத்துக்கு வெளியே மாடத் தாழ்வாரங்களாக வைத்தது. மேசைகளுக்குச் சக்கரம் பூட்டி, மின்சாரத்தையும் வாயுவையும் கூரையிலிருந்து இறக்கியது. இடிக்கப்பட்ட 20ஆம் எண் கட்டடத்தின் இடத்தில் ஃபிராங்க் கேரி வடிவமைத்த ஸ்டாட்டா மையம் 2004இல் எழுந்தது. அதன் தரைத்தளத்து அகன்ற நடைவழிக்கு ‘மாணவர் வீதி’ என்றே பெயர். பழைய ஒட்டுப்பலகைச் சுவரில் துளையிட்ட மாணவர், ஒரு புகழ்பெற்ற கலைஞரின் சாய்ந்த சுவரில் துளையிடத் துணிவாரா என்பது நியாயமான ஐயமே.

மாணவருக்கான இடம் என்ற பழைய கேள்வி மீண்டும் உயிர்பெற்றது புகழ்பெற்ற முகப்புகளில் அன்று, முதலாண்டு இயற்பியல் வகுப்பறையில். 1990களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பெய்க்னர், விரிவுரைக்கும் செய்முறைக்கும் இடையிலிருந்த சுவரை நீக்கி, இரண்டையும் ஒரே அறையில் நடத்த முனைந்தார். படிவரிசை இருக்கைகள் போய், வட்ட மேசைகள் வந்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் பெல்ச்சர் இம்முறையைத் தழுவி, 13 மேசைகளில் 117 பேர் அமரும் அறையை உருவாக்கினார். ஆசிரியரின் இடம் அறையின் நடுவிலும், எழுதும் பலகைகள் சுற்றுச் சுவர்களிலும் அமைந்தன. 2003இல் அது முழு வகுப்புக்கும் கட்டாயமானபோது, பழைய விரிவுரையையே திரும்பத் தருமாறு மாணவர்கள் மனுக் கொடுத்தனர். அம்மனுவை அறியாமை என்று ஒதுக்கலாகாது. சேர்ந்து கற்பது கட்டளையாக வரும்போது எழும் எதிர்ப்பு அது. ஆயினும் முறை படிப்படியாகத் திருத்தப்பட்டது, வருகை கூடியது, தோல்வியடைந்தோரின் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

அந்த வட்ட மேசையின் விட்டம் 7 அடி. பல அளவுகளைச் சோதித்த பின்பே பெய்க்னர் அதற்கு வந்தார்: அதைவிடப் பெரிதானால் எதிரே இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச நேரும், சிறிதானால் தாள்களும் கருவிகளும் நெருக்கும். ஒரு மேசைக்கு ஒன்பது பேர், மூவர் மூவராக மூன்று குழுக்கள். குழு ஒன்றுக்கு ஒரு மடிக்கணினி மட்டுமே. ஒருவர் தட்டச்சு செய்ய, மற்ற இருவரும் நாற்காலியை நகர்த்தி நெருங்கி வந்து, ஒரே திரையைப் பார்த்துப் பேசுகின்றனர்.